மூன்றாவது டம்ளரில் விஷம் வைத்தவர்

போளூர் பரந்தாமன் இருநூற்றுப் பதினாறு துப்பறியும் நாவல்கள் எழுதியிருக்கிறார். அவற்றில் முப்பதைத் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். மூன்று தொலைக்காட்சித் தொடராக வந்தன. அவருடைய துப்பறிவாளர் ஜெயசீலன் பெயரை ஒரு காலத்தில் பிள்ளைகளுக்கே வைத்தார்கள். மீதி நூற்று எண்பத்தாறு நாவல்களைப் பற்றிப் பேச எங்களைப் போல வேலைவெட்டி இல்லாத ஆட்கள் வேண்டும். எங்களைப் போல என்றால், போளூர் பரந்தாமன் வாசகர் வட்டம், காஞ்சிபுரம் கிளை. உறுப்பினர்கள் நாற்பத்திரண்டு பேர், கூட்டத்துக்கு வருகிறவர்கள் பதினைந்து பேர். நாற்காலி போடுவதும் மைக்கைத் தட்டிப் பார்ப்பதும் செயலாளர் என்ற முறையில் என் வேலை.

எங்கள் வட்டத்தில் எல்லோரும் பரந்தாமனைப் படித்தவர்கள். அன்னம்மாள் அவரைத் திருத்தியவர். இது வெளியே தெரிய முப்பத்து நான்கு வருஷம் ஆயிற்று.

அன்னம்மாளுக்கு இப்போது அறுபத்திரண்டு வயது. ஏனாத்தூரில் ஒரு பெண்கள் விடுதியின் சமையற்கட்டில் காய் நறுக்குகிறார். காலை ஐந்தரை பஸ்ஸில் போய், மதியம் மூன்று மணிக்குத் திரும்பி வருவார். வட்டத்தின் கூட்டங்களில் கடைசி வரிசைதான் அவர் இடம். டீ வந்ததும் எழுந்துபோய்த் தட்டை வாங்கிக்கொண்டு எல்லோருக்கும் தானே கொடுப்பார். வேண்டாம், உட்காருங்கள் என்று பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன், கேட்க மாட்டார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேச மாட்டார். பிறகு எதற்கு இந்த அம்மா மாதம் தவறாமல் வருகிறார் என்று எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட இருந்தது. தன் ரகசியத்துக்குக் காவல் இருக்க வந்திருக்கிறார் என்று பின்னால்தான் தெரிந்தது.

அவர் காலனியில் பிறந்தவர். அப்பா சின்னப்பையன் தாமல் ஏரிப் பாசன நிலங்களில் கூலிக்கு நாற்று நட்டவர். ஞானஸ்நானத்தில் அவருக்கு வேறு பெயர் வைத்தார்கள், ஆனால் அந்தப் பெயர் சர்ச் பதிவேட்டை விட்டு வெளியே வரவில்லை. நிலத்துக்காரர்களுக்கும் ஊருக்கும் அவர் கடைசிவரை சின்னப்பையன்தான். மகள் எட்டாவது வரை படித்தார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வேதபாடம் வாசிப்பது அவர் பொறுப்பு. மைக் இல்லாத சர்ச். கடைசி பெஞ்சில் இருக்கும் காது மந்தமான ஆளுக்கும் கேட்க வேண்டும், நடுவில் ஒரு சொல்கூடத் தடுக்கக் கூடாது. அதனால் வாசிக்க வேண்டிய பகுதியை முதல் நாளே ஒருமுறை பார்த்துவைத்துவிடுவார். இந்தப் பழக்கம்தான் பின்னால் எல்லாவற்றுக்கும் காரணம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டில் பிள்ளையார்பாளையத்தில் எட்டுத் தறிகள் உள்ள ஒரு கூடத்தில் அன்னம்மாள் வேலைக்குச் சேர்ந்தார். தார் சுற்றுகிற வேலை. தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குச்சியில் பட்டு நூலை ராட்டையில் சுற்றிச் சுற்றிக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், எட்டுத் தறிக்கும். அவர் சேர்ந்த இரண்டாம் மாதம் கூடத்து ரேடியோ பழுதாகிவிட்டது. முதலாளி இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் தறியில் உட்கார்ந்திருந்த அர்ஜுனன்தான் கேட்டார்.

"நீ எட்டாவது படிச்சவதானம்மா? எதனா படிச்சிக் காட்டேன், சும்மா ராட்டயச் சுத்திக்கினு இருக்கறதுக்கு."

அர்ஜுனன் தாமல்காரர். விவசாயக் குடும்பம், மூன்றாவதோடு படிப்பை விட்டவர். தினமும் சைக்கிளில் வந்து நெய்துவிட்டுப் போனவர், பிறகு இங்கேயே வீடு பார்த்துக்கொண்டார்.

அன்னம்மாள் வாடகைப் புத்தகக் கடையிலிருந்து ஒரு பரந்தாமனை எடுத்து வந்தார். ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்து, அதன்மேல் புத்தகத்தை விரித்து, தாள் புரளாமல் இருக்கப் பக்கத்துக்கு ஒரு தார்க்குச்சியாகச் செருகிவைத்தார். வலது கை ராட்டையைச் சுற்றும், இடது கை நூலைப் பிடித்திருக்கும், கண் புத்தகத்தில் இருக்கும். நூல் அறுந்தால் விரலுக்கே தெரிந்துவிடும் என்பார். எட்டுத் தறிச் சத்தத்துக்கு மேலே கேட்கிற குரல் அவரிடம் ஏற்கெனவே இருந்தது.

பிரபலமான பரந்தாமன் நாவல்கள் கடையில் கிடைக்கவே கிடைக்காது, எப்போதும் யார் வீட்டிலாவது இருக்கும். கிடைத்தாலும் கொலைகாரன் யாரென்று முடிவெட்டுகிற கடையிலேயே சொல்லிவிடுவார்கள். ஆகவே இவர் கொண்டுவந்தது எல்லாம் யாரும் சீண்டாமல் அலமாரியில் கிடந்தவை. இன்றைக்கு ஆராய்ச்சியாளர்கள் 'அறியப்படாத பரந்தாமன்' என்கிறார்களே, அவை அந்தக் கூடத்தில் தினசரி ஓடின.

கூடத்தில் ஒரு வழக்கமும் உண்டாயிற்று. தறி இரண்டுக்குத்தான் நிற்கும், ஒன்று அமாவாசைக்கு, இன்னொன்று பரந்தாமனின் கடைசி அத்தியாயத்துக்கு. அன்னம்மாள் "கடைசிதாண்ணா" என்று சொன்னதும் எட்டுப் பேரும் நாடாவைக் கீழே வைப்பார்கள். அவரவர் தறிக் கம்பத்தில் சாக்பீஸால் கொலைகாரன் பெயரை எழுதுவார்கள். எழுதிய பிறகு மாற்றக் கூடாது. பிறகுதான் அவர் அடுத்த பக்கத்தைப் புரட்டுவார்.

தொண்ணூறாம் வருஷம், ஒரு அமாவாசைக்கு முந்தின நாள், 'மூன்றாவது டம்ளர்' கடைசி அத்தியாயத்துக்கு வந்தது.

கதை இதுதான். ஊட்டியில் ஒரு பங்களா. ஓய்வுபெற்ற ஜட்ஜ் பாலில் விஷம் கலந்து கொல்லப்படுகிறார். மேஜையில் மூன்று டம்ளர்கள், மூன்றாவதில் விஷம். வீட்டில் இருந்தவர்கள் மகன், மருமகள், குடும்ப டாக்டர், தோட்டக்காரன். தோட்டக்காரனுடைய பெயர் சின்னப்பையன்.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் அன்னம்மாள் வழக்கம்போலக் கடைசி அத்தியாயத்தைப் பார்த்துவைத்திருந்தார். கொலைகாரன் தோட்டக்காரன்தான். சாயங்காலம் தலையை நிமிர்த்திப் பார்த்தால், எட்டுக் கம்பத்தில் ஏழில் சின்னப்பையன் என்று எழுதியிருந்தது. பெரிய யோசனை ஒன்றும் இல்லாமல் எழுதியிருந்தார்கள். "அவன்தான், வேற யாரு?" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். யாரும் அன்னம்மாளை நினைத்துச் சொல்லவில்லை. அவர் அப்பா பெயர் என்ன என்றே அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

மூன்றாம் தறிக் கம்பத்தில் மட்டும் 'டாக்டர்' என்று இருந்தது. அந்த வாரம் அர்ஜுனனுக்கு ஒரு டாக்டர் பல் பிடுங்கினார், தப்பான பல்லை. அந்தக் கோபத்தில் எழுதியது.

"அன்னைக்கு என்னால முடியல சார்" என்று அன்னம்மாள் பின்னால் என்னிடம் சொன்னார். "எங்கப்பன் பேரச் சொல்லி, நான்தான் செஞ்சேங்கய்யான்னு நானே எப்டி சார் படிக்கறது? கோவம் கோவமா வந்துது. பக்கத்தத் திருப்பினேன். வாய் டாக்டர்னு சொல்லிச்சு."

வாய் சொல்லிவிட்டது. இனி அதை நிரூபித்தாக வேண்டும். ஒன்றரைப் பக்கத்தை அவர் அங்கேயே இட்டுக்கட்டினார். நான்காவது அத்தியாயத்தில், பிணத்தின் நாடியைப் பார்ப்பதற்கு முன்னாலேயே டாக்டர் கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டார் என்று பரந்தாமன் ஒரு வரி எழுதியிருந்தார். எழுதிவிட்டு அவரே மறந்துபோனார், புத்தகத்தில் பிறகு அந்த வரிக்கு ஒரு வேலையும் இல்லை. அன்னம்மாள் மறக்கவில்லை. ஜெயசீலன் அந்தக் கைக்குட்டையைக் கேட்டு வாங்கி முகர்ந்து பார்ப்பதாகப் படித்தார். டாக்டர் முகம் வெளுத்தது. கூடம் முழுக்கக் கூச்சல். அர்ஜுனன் தறிக் குழியிலிருந்து எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தாராம். அன்று முதல் பிள்ளையார்பாளையத்தில் அவருக்கு ஜெயசீலன் என்று பெயர்.

அடுத்த ஒன்பது வருஷத்தில் அன்னம்மாள் இன்னும் ஆறு நாவல்களுக்கு முடிவை மாற்றினார். கை வைத்தது எல்லாவற்றிலும் அல்ல. கொலைகாரன் ஜமீன்தார் தம்பியாகவோ சினிமா நடிகையாகவோ இருந்தால் அச்சில் உள்ளதை அப்படியே படித்தார். வாட்ச்மேன், வேலைக்காரி, மாடு மேய்க்கிறவன் என்று வந்தால் மட்டும் வாய் தானாகத் திரும்பியது. இரண்டு முடிவுகளையும் இப்போது நான் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். பரந்தாமனின் ரசிகன் என்ற முறையில் வருத்தத்தோடு சொல்கிறேன், ஏழில் ஐந்தில் அன்னம்மாள்தான் மேல். 'சனிக்கிழமைச் சாவி'யில் எழுதப் படிக்கத் தெரியாதவன் என்று முதல் அத்தியாயத்தில் சொல்லப்பட்ட வாட்ச்மேன், எட்டாம் அத்தியாயத்தில் ஆங்கிலத்தில் மிரட்டல் கடிதம் எழுதியவனாகிவிடுகிறான். மாதம் இரண்டு நாவல் எழுதினால் அப்படித்தான் ஆகும். அன்னம்மாள் பிடித்தது வக்கீலை. வக்கீலுக்கு ஆங்கிலம் தெரியும்.

அந்த ஏழில் ஐந்து முறை ஜெயித்தது அர்ஜுனன். ஒருமுறை கலைவாணன், ஆறாம் தறிக்காரர். ஒருமுறை யாருமே இல்லை. எப்போதும் ஒரே ஆள் ஜெயித்தால் சந்தேகம் வரும் என்று அன்னம்மாளுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அர்ஜுனனுக்குத்தான் அதிகம் விழுந்தது, அதற்குக் காரணம் உண்டு. முதல் வெற்றிக்குப் பிறகு அவர் கதையை வேறு மாதிரி கேட்க ஆரம்பித்தார். எல்லோரும் வேலைக்காரர்களைப் பார்க்கும்போது இவர் மேனேஜரைப் பார்ப்பார், டாக்டரைப் பார்ப்பார். நெய்துகொண்டே காரணங்களை உரக்கச் சொல்வார். அன்னம்மாளுக்கு முடிவு கட்ட அந்தக் காரணங்கள் கைகொடுத்தன.

அர்ஜுனன் ஊரில் ஒரு ஆள் ஆனார். சைக்கிள் தொலைந்தால் அவரிடம் வந்து கேட்டார்கள். ஜரிகை காணாமல் போனால் அவர் வந்து கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். பாதி நேரம் கண்டும் பிடித்தார். பெண் பார்க்க வந்த இடத்தில்கூட, "இவர்தான் பிள்ளையார்பாளையம் ஜெயசீலன்" என்று அவர் மகள் துர்காவின் மாமனார் மற்றவர்களுக்கு அறிமுகப்படுத்தினாராம். மூன்றாவது படித்த மனிதருக்கு மூளைக்காரர் என்ற பெயர் கிடைப்பது சாதாரணமல்ல.

தொண்ணூற்றொன்பதில் முதலாளி கூடத்தை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டினார். தறிகள் அவரவர் வீட்டுக்குப் போயின. வாடகைப் புத்தகக் கடையும் அந்த வருஷம் கடையைக் கட்டியது. அன்னம்மாள் போய் அந்த ஏழு புத்தகங்களை மட்டும் தேடி எடுத்து, எடைக்கு வாங்கி வந்து, பழைய டிரங்குப் பெட்டியில் துணிக்கு அடியில் வைத்தார். கணவர் ஜோசுவாவுக்குக்கூடச் சொல்லவில்லை. சாட்சியை வெளியே உலவ விடக் கூடாது என்று பரந்தாமனிடமே கற்றுக்கொண்டது அது.

போன வருஷம் வரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது.

அர்ஜுனனுக்கு இப்போது எழுபத்தொரு வயது. கண்ணில் புரை எடுத்து ஓய்வில் இருந்தபோது, கதைகளை வாசித்துக் காட்டுகிற ஆப் ஒன்றைத் துர்கா அவர் போனில் போட்டுக் கொடுத்தாள். அதில் 'அறியப்படாத பரந்தாமன்' என்று புதிதாக ஏழு நாவல்கள் ஏற்றியிருந்தார்கள், அன்னம்மாளின் டிரங்குப் பெட்டியில் இருந்த அதே ஏழு. விதி என்று இதைச் சொல்லலாம், நான் சொல்ல மாட்டேன். அச்சில் மறுபடி வராத பரந்தாமன்களைத் தேடினால் யாரும் சீண்டாத அதே புத்தகங்கள்தானே கிடைக்கும்? அவர் முதலில் கேட்டது 'மூன்றாவது டம்ளர்'. கேட்டு முடித்த அரை மணியில் எங்கள் வாட்ஸப் குழுவில் ஒரு குரல் பதிவு வந்தது.

"அல்லாருக்கும் வணக்கம். பிள்ளையார்பாளையம் அர்ஜுனன் பேசறேன். பரந்தாமன் சார் கதைய மாத்திப்புட்டானுங்க. மூணாவது டம்ளர்ல வெஷம் வெச்சது டாக்டரு. இவனுங்க தோட்டக்காரன்னு சொல்றானுங்க. எட்டு பேரு கேட்டோம், நான் ஒருத்தன்தான் கரெக்டா எழுதினேன். இத சும்மா உடக்கூடாது."

முதலில் எல்லோரும் சிரித்தோம். ஆனால் அடுத்த நாளே திருப்புட்குழியிலிருந்து கலைவாணன், "நானும் டாக்டர்னுதான் கேட்டேன், சத்தியமா" என்று பதிவிட்டார். இன்னும் ஒரு பழைய தறிக்காரரும் சேர்ந்துகொண்டார். மூன்று சாட்சிகள். குழு பற்றிக்கொண்டது. சென்னையில் பாலாஜி என்று ஒருவர் இருக்கிறார். வங்கி வேலை, பரந்தாமனின் முதல் பதிப்புகள் எல்லாம் வைத்திருக்கிறார், கையுறை போட்டுக்கொண்டு பக்கம் திருப்புகிற ஆள். அவர் உடனே ஒரு கருத்தைக் கிளப்பினார். செங்கல்பட்டு மாவட்டத்துக்கு மட்டும் வேறு முடிவோடு ஒரு பதிப்பு வந்திருக்கலாம், அது காணாமல் போயிருக்கலாம் என்றார். இரண்டே நாளில் 'இருக்கலாம்' கழன்று விழுந்து, காணாமல் போன பதிப்பு என்றே எல்லோரும் பேச ஆரம்பித்தார்கள். மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காஞ்சிபுரத்தில் கூட்டம் போட முடிவாயிற்று. 'பரந்தாமனின் அறியப்படாத ஏழு நாவல்கள்: ஓர் ஒப்பீடு', பேசுபவர் பாலாஜி. அர்ஜுனன் எழுந்து சாட்சி சொல்வார். அதை வீடியோ எடுத்துப் பதிப்பகத்துக்கு அனுப்புவார்கள். நான் அறுபது நாற்காலிக்குச் சொல்லி வைத்தேன்.

அன்னம்மாள் குழுவில் எல்லாப் பதிவுகளையும் கேட்டுக்கொண்டிருந்தார். மூன்று வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பாலாஜி முதல் பதிப்புகளை மேஜையில் அடுக்குவார், அதில் தோட்டக்காரன் என்றுதான் இருக்கும். அத்தனை பேர் முன்னால் அர்ஜுனன் பொய்யராக, இல்லாவிட்டால் புத்தி தடுமாறிய கிழவராக நிற்பார். சொல்லாமல் விட்டால் அப்படி. சொன்னால் அவருடைய முப்பத்து நான்கு வருஷப் பெயர் இல்லாமல் போகும்.

சனிக்கிழமை மூன்றரை மணிக்கு ஏழு புத்தகங்களையும் ஒரு கட்டைப்பையில் போட்டுக்கொண்டு அர்ஜுனன் வீட்டுக்குப் போனார். அர்ஜுனன் நாளைக்குப் பேச வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். துர்கா லீவுக்கு வந்திருந்தாள். அவர் மனைவி அலமு டீ போட உள்ளே போனார்.

"ண்ணா, நாளைக்கு நீங்க பேச வேணாம்."

"ஏம்மா? அவன் எவ்ளோ பெரிய கம்பெனிக்காரனா வேணா இருக்கட்டுமே. மாத்தினது மாத்தினதுதான?"

"மாத்தினது அவங்க இல்லண்ணா. நான்."

அர்ஜுனன் சிரித்தார். "நீ இன்னாத்த மாத்தின? நீ படிச்ச. படிக்கறவ எப்டிமா மாத்துவ?"

அன்னம்மாள் புத்தகத்தை எடுத்துத் துர்காவிடம் கொடுத்தார். "கடைசிப் பக்கம் படி கண்ணு. கடை முத்திரை இருக்குது பாரு, அப்ப எடுத்த அதே புஸ்தகம்தான்."

துர்கா படித்தாள். "'ஆமாங்கய்யா, நான்தான் செய்தேன்' என்று சின்னப்பையன் ஜெயசீலனின் காலில் விழுந்தான். 'சோறு போட்ட வீட்டிலேயே விஷம் வைத்தாயே, உங்கள் புத்தி உங்களை விட்டுப் போகுமா?' என்று ஜட்ஜின் மகன் பல்லைக் கடித்தார்."

அதற்கு மேல் அவள் படிக்கவில்லை. அர்ஜுனன் அன்னம்மாள் பக்கம் திரும்பினார்.

"சின்னப்பையன்னா உங்கப்பன் பேராச்சே."

"ஆமாண்ணா. அன்னைக்கு ஏழு கம்பத்துல அந்தப் பேரு இருந்துது."

"சாவிக் கத?"

"அதுல வாட்ச்மேனு."

"பல்புக் கத?"

"துணி தொவைக்கற பொம்பள."

ஏழையும் கேட்டார். ஏழுக்கும் அன்னம்மாள் பதில் சொன்னார். அர்ஜுனன் விரலை மடக்கிக்கொண்டே வந்து கடைசியில் கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டார்.

"அப்போ நான் ஒருத்தனக்கூடக் கண்டுபுடிக்கல."

"அப்டி இல்லண்ணா. நீங்க சொன்ன காரணத்த வெச்சித்தான் நான்..."

"எழுந்து போ அன்னம்மா."

"டீ கொதிச்சிக்கினு இருக்குது, குடிச்சிட்டுப் போவட்டும்பா" என்று அலமு உள்ளே இருந்து சொன்னார்.

"போவட்டும்னு சொல்றேன்ல."

அன்னம்மாள் எழுந்து வந்துவிட்டார். புத்தகங்களை அங்கேயே விட்டுவிட்டார். "பயமா இருந்துது சார், வெக்கமாவும் இருந்துது" என்று சொன்னார் என்னிடம். "ஆனா தப்புப் பண்ணிட்டேன்னு மட்டும் தோணல. அண்ணனுக்குத்தான் தப்புப் பண்ணிட்டேன். கதைக்கு இல்ல."

ஞாயிற்றுக்கிழமை நாற்காலிகள் நிறைந்தன. எனக்கு இது எதுவும் அப்போது தெரியாது. பாலாஜி ஏழு முதல் பதிப்புகளையும் பிளாஸ்டிக் உறையோடு வரிசையாக வைத்தார். ஒரு மணி நேரம் பேசினார். எந்த நாவலில் அத்தியாயம் சிறியது, எதில் ஜெயசீலன் அதிகமாக சிகரெட் பிடிக்கிறார், எதில் ஒரே பாத்திரத்துக்கு இரண்டு பெயர், எதில் மழை வருகிறது என்று எல்லாவற்றுக்கும் அட்டவணை போட்டிருந்தார். நல்ல உழைப்பு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு கதையாவது அவருக்குப் பிடித்திருந்ததா என்பதைக் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. முடிவில், முதல் பதிப்பில் கொலைகாரன் தோட்டக்காரன்தான், ஆயினும் வேறொரு பதிப்புக்கு நேரடிச் சாட்சி இங்கே இருக்கிறார் என்று அர்ஜுனனை அழைத்தார். வீடியோ எடுக்கிறவர் முன்னால் வந்து நின்றார்.

அன்னம்மாள் கடைசி வரிசையில் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார். அர்ஜுனன் அவர் பக்கம் திரும்பவே இல்லை. நான் மைக்கைக் கொடுத்தேன்.

"நான் சொன்னது தப்பு சார். புஸ்தகம் ஒண்ணுதான். வேற பதிப்பு கெடயாது."

கூட்டத்தில் சலசலப்பு. "இன்னாபா, ஜெயசீலனுக்கே தப்பாயிடுச்சா?" என்று யாரோ சொல்ல, நாலைந்து பேர் சிரித்தார்கள். அர்ஜுனன் முகம் சிவந்தது, ஆனால் உட்காரவில்லை.

"சார், அந்த அட்டவணைல கொலகாரன் யாருன்னு போட்ருக்கீங்களா?"

"இருக்கு, ஏழாவது கட்டம்" என்றார் பாலாஜி.

"கொஞ்சம் படிங்க. அல்லாருக்கும் கேக்கறாப்ல."

பாலாஜி படித்தார். தோட்டக்காரன். வாட்ச்மேன். துணி துவைக்க வருபவள். லாரி கிளீனர். இதுவரைக்கும் சாதாரணமாகப் படித்தார். மாடு மேய்ப்பவன் என்றபோது குரல் இறங்கியது. சமையல்காரன் மகன். ஏழாவதுக்கு முன்னால் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, கூட்டுகிறவள் என்றார். 

"ஏழு பேரும் பின்வாசல்ல வர்ற ஆளுங்க" என்றார் அர்ஜுனன். "எந்தக் கதைல மழ பேஞ்சிதுன்னு எழுதினீங்களே, இத எழுதலியே சார்."

பாலாஜி அட்டவணையைக் கீழே வைத்தார். "அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தான் சார் எழுதினாங்க."

"இருக்கும். எங்க தறிக்கூடத்துல அப்டிப் படிக்கல சார்."

மைக்கை என்னிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று கூட்டத்துக்குத் தெரியவில்லை. இரண்டு பேர் கைதட்டினார்கள், மற்றவர்கள் டீ வருகிறதா என்று பார்த்தார்கள். கடைசி வரிசையில் அன்னம்மாள் அழுதுகொண்டிருந்தார். அன்றைக்கு டீத் தட்டை வாங்க எழுந்து வரவில்லை. நான்தான் கொடுத்தேன்.

நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அர்ஜுனன் அவரிடம் வந்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். சமாதானமாகப் பேச வந்த முகம் அல்ல, இன்னும் கோபம் இருந்தது. கட்டைப்பையை அவர் மடியில் வைத்தார்.

"ஒண்ணு கேக்கணும், நெசமாச் சொல்லு. அந்த டாக்டரு, பொணத்தத் தொடறதுக்கு முன்னாலயே கையத் தொடச்சிக்கினான்ல கைக்குட்டைல? அது நீ சேத்ததா, புஸ்தகத்துலயே இருக்குதா?"

"புஸ்தகத்துலயே இருக்குதுண்ணா. நாலாவது அத்தியாயம்."

அர்ஜுனன் பையிலிருந்து 'மூன்றாவது டம்ளர்' புத்தகத்தை எடுத்து அவரிடம் நீட்டினார். அன்னம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தைத் தேடி எடுத்து, அந்த ஒரு வரியைப் படித்தார். வேதபாடம் வாசிக்கிற குரல். மண்டபத்தின் மறுகோடியில் புத்தகங்களுக்கு உறை போட்டுக்கொண்டிருந்த பாலாஜி திரும்பிப் பார்த்தார்.

அர்ஜுனன் இன்னொருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டார்.

"அப்ப டாக்டர்தாம்மா செஞ்சிருக்கான்."